வேலைவாய்ப்புத் தளத்துக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புதியவர்கள் வரைந்து கொண்டுவரும் டேபிள் அமைப்புகளைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள்தான் மறுபடி மறுபடி வருகின்றன. திறன்களைக் கமா போட்டு ஒரே நெடுவரிசையில் திணிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும்.

விண்ணப்ப நிலையை அழித்து அழித்து எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். விண்ணப்ப டேபிளில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை. முதலில் 'புதியது', அப்புறம் 'நேர்காணல்', கடைசியில் 'நிராகரிப்பு'. ஒவ்வொரு அப்டேட்டிலும் பழைய மதிப்பு போய்விடும்.

ஒரு தளத்தைச் சரிசெய்யப் போயிருந்தேன். நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நேர்காணல் வரை வந்தார்கள் என்று ஆள் எடுக்கும் நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. நியாயமான கேள்வி. டேபிளிலோ எல்லாருக்கும் 'நிராகரிப்பு' மட்டுமே இருந்தது. 'கடைசியாக மாறிய நேரம்' கைகொடுக்குமா என்று பார்த்தால், நடுவில் யாரோ ஓட்டிய ஸ்கிரிப்ட் எல்லா வரிசைக்கும் ஒரே தேதியைப் போட்டிருந்தது. மின்னஞ்சல் லாக்கைத் தோண்டி, நேர்காணல் அழைப்பு போனவர்களைப் பொறுக்கியெடுத்தோம். போனில் அழைக்கப்பட்டவர்கள் கணக்கில் வரவே இல்லை.

நிலை மாற்றத்துக்குத் தனி டேபிள் வையுங்கள்: விண்ணப்ப எண், புதிய நிலை, மாற்றியவர், நேரம், காரணம். அதில் இன்சர்ட், அதாவது புது வரிசை சேர்ப்பது மட்டும்தான். அப்டேட்டுக்கு அனுமதியே கொடுக்காதீர்கள். வேகத்துக்காக இப்போதைய நிலையை விண்ணப்ப டேபிளிலும் வைக்கலாம், சரி. ஆனால் இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற ஒரே தொகுப்பாக) எழுதுங்கள், இல்லையென்றால் ஒருநாள் ஒன்றுக்கொன்று முரண்படும். இந்த டேபிளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதுவரையிலான வரலாறு போனது போனதுதான்.

ரெஸ்யூமே

விண்ணப்பித்த நேரத்தில் இருந்த பதிப்பை விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஆளின் இன்றைய ரெஸ்யூமேவை இணைத்தால், அவர் நாளை அதைத் திருத்தியதும் நிறுவனம் படித்தது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று என்றாகிவிடும்.

இரட்டை விண்ணப்பம்

'ஏற்கெனவே விண்ணப்பித்தாரா' என்று புரோகிராமில் செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்ப்பது போதாது. பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால், இரண்டு கோரிக்கைக்கும் 'இல்லை' என்றே பதில் வந்து இரண்டும் இன்சர்ட் ஆகிவிடலாம். வேலை எண், விண்ணப்பதாரர் எண் இரண்டையும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு (அதே ஜோடி இரண்டாம் முறை பதிவாக விடாத விதி) போடுங்கள். விலகியவர் திரும்ப விண்ணப்பித்தால் புது வரிசை வேண்டாம். நிலை டேபிளில் இன்னொரு பதிவு போதும்.

சம்பளம்

உரையாகச் சேமிக்க வேண்டாம். எழுத்தாக வரிசைப்படுத்தினால் 25000-க்கு முன்னால் 100000 வந்து நிற்கும்.

கேஸ்கேட் டிலீட்

ஒரு வரிசையை நீக்கினால் அதைச் சார்ந்த வரிசைகளையும் தானாகவே நீக்கும் அமைப்பு இது. வேலை விளம்பரத்தில் வேண்டவே வேண்டாம். விளம்பரத்தை நீக்கினால் அதற்கு வந்த விண்ணப்பங்களும் கூடவே போய்விடும். 'மூடப்பட்டது' என்று குறித்தாலே போதும்.