சைடு மிரரை ஒட்டப் போய் முன் கண்ணாடியை இழப்பது: மாதிரிக் கார் பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சேலம் அம்மாபேட்டையில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு நான்கைந்து இளைஞர்கள் தங்கள் மாதிரிக் கார்களோடு வருவது வழக்கம். சென்ற வாரம் வந்த தம்பி ஒருவர், 1:24 அளவுக் காரின் (உண்மைக் காரின் 24-ல் ஒரு பங்கு) உடைந்த சைடு மிரரைச் சரியான கோணத்தில், ஒரு பொட்டுப் பசைகூட வெளியே வழியாமல் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். ஆனால், காரின் முன் கண்ணாடி முழுவதும் அரிசி மாவைத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. "அண்ணா, அந்தக் கண்ணாடிப் பக்கம் நான் கையே வைக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். இதே தவறைச் செய்துவிட்டு இதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பசையை அளவுக்கு மீறிப் பிழிவது, இடப்பக்க மிரரை வலப்பக்கத்தில் ஒட்டுவது, விரலையும் சேர்த்து ஒட்டிக்கொள்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருமுறை செய்தவர் தாமே திருந்திவிடுவார்.

பசை வைத்த காரை உடனே மூடி வைப்பது

பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சூப்பர் குளூவின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரும் அவருடன் பணியாற்றியவர்களும் துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்கு ஏற்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் பொருளைக் கண்டார்கள். தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கப்பட்ட அது, 1958-ல் பசையாக விற்பனைக்கு வந்தது. தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடிப் போனவர்கள் கையில் அகப்பட்ட இந்தப் பொருளே, நம் கார்களின் தெளிந்த பிளாஸ்டிக்குக்கு முதல் எதிரியாக இருக்கிறது.

இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. ஒட்டும் பரப்பின் மீதுள்ள மிக மெல்லிய ஈரம் பட்டவுடன் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. கெட்டியாவதற்குள் அதில் ஒரு பகுதி ஆவியாகி எழுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போய்க் கலையாமல் காரைச் சுற்றியே தங்கி, அருகிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிகிறது. பசை அதிகமானால் ஆவி அதிகம். காற்றில் ஈரம் மிகுந்து, இடமும் மூடியிருந்தால் படிவும் அதிகம்.

எனக்கு இது ஏற்காட்டில் புரிந்தது. நாகலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அண்ணனுடைய 1:18 அளவு மினி கூப்பரைச் சேலத்திலிருந்து எடுத்துச் சென்றேன். உண்மையான பழைய மினியின் நீளமே ஏறத்தாழ 3.05 மீட்டர்தான், 1:18-ல் அது 17 சென்டிமீட்டர், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளம். பையில் சரியாகப் பொதியாததால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் சைடு மிரர் ஒடிந்துவிட்டது. அண்ணன் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று இரவோடு இரவாகச் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். ஜூலை மாதம், வெளியே மூடுபனி, சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. விளக்கைச் சுற்றிய பூச்சிகள் ஈரப் பசையில் விழுந்துவிடக் கூடாதே என்று, காரின் மீது அதன் அக்ரிலிக் மூடியையும் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போனேன். அன்று நான் எடுத்துக்கொண்ட அக்கறைகளிலேயே மோசமான அக்கறை அதுதான்.

காலையில் முன் கண்ணாடி மங்கியிருந்தது. ஏற்காட்டில் மழைக்கால விடியலில் எந்தக் கண்ணாடிதான் மங்காமல் இருக்கும் என்று, பனியைத் துடைப்பதுபோல் துணியால் துடைத்தேன், போகவில்லை. காரைத் திருப்பினேன். பின் கண்ணாடியில் என் வலக்கைக் கட்டைவிரல் ரேகை, சுழிக்குச் சுழி, வெள்ளையாக எழுந்து நின்றது. குற்றம் நடந்த இடத்தில் கைரேகையைத் தெரியவைக்கத் தடயவியல் துறையினர், மூடிய அறைக்குள் இதே பசையின் ஆவியைத்தான் பாய்ச்சுகிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். விரலின் வியர்வையும் எண்ணெயும் படிந்த கோடுகளில் ஆவி முதலில் பற்றிக்கொள்ளுமாம். நான் கவிழ்த்த மூடி அந்த அறையின் வேலையைச் செய்திருந்தது.

முன் கண்ணாடியின் வெளிப்புறத்தை நுண்ணிய பாலிஷ் பேஸ்ட்டால் பொறுமையாகத் தேய்த்து ஓரளவு மீட்டேன். உட்புறத்தை எட்ட அடிப்பலகைத் திருகுகளைக் கழற்றி, இருக்கைகளையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பம்பரை மீட்க முடியவில்லை. பிளாஸ்டிக் பாகங்களில் நாம் குரோம் என்று சொல்வது பெரும்பாலும் அரக்குப் பூச்சுகளுக்கு இடையே படிந்த மிக மெல்லிய அலுமினியப் படலம்தான். தேய்த்தால் வெண்மையோடு பளபளப்பும் போய்விடும். அண்ணன் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை அந்தக் காரை அலமாரியில் பின்பக்கம் தெரியும்படிதான் வைத்திருக்கிறார்.

ஆகவே, கண்ணாடிக்கும் குரோமுக்கும் அருகில் உடைந்த பாகத்துக்குச் சூப்பர் குளூவை எடுக்காதீர்கள். எடை குறைந்த பாகத்துக்கு, குறிப்பாகத் தெளிந்த பாகத்துக்கு, மரவேலைக்கான வெள்ளைப் பசையே போதும்; அது காய்ந்தால் நிறமற்றுப் போகும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். வலு வேண்டிய இடத்தில் இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு எடுத்துக் கலக்கும் 5 நிமிட எபாக்சியைப் பயன்படுத்துங்கள். 5 நிமிடம் என்பது அது இறுகத் தொடங்கும் நேரம்தான். முழு வலுவுக்கு ஓர் இரவு விட்டுவிடுங்கள். சூப்பர் குளூவைத் தவிர வேறு வழி இல்லையென்றால், குண்டூசி முனையில் எடுத்த துளியோடு நிறுத்திக்கொண்டு, சிறு மின்விசிறியைத் தள்ளி வைத்து ஆவி கலைந்துபோகும்படி செய்யுங்கள். ஒரு முழு நாள் கடக்கும் வரை காரைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். தூசி விழுந்தால் தூரிகையால் தட்டிவிடலாம்.

உடைந்த முகத்தை அரத்தால் தேய்ப்பது

ஒட்டுவதற்கு முன் உடைந்த இரு முகங்களையும் வழவழப்பாக்கிக்கொள்வது நல்ல வேலைக்கு அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உடைந்த இடத்தின் மேடுபள்ளங்கள்தாம் இரு துண்டுகளும் பழைய இடத்தில் பழைய கோணத்தில் பொருந்துவதற்குரிய பூட்டு. அதைத் தேய்த்துவிட்டால் ஒட்டுகிற பரப்பு குறைவதோடு பாகத்தின் நீளமும் குறைந்துவிடும். உண்மைக் காரில் 18 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் மிரர் 1:43 அளவில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டரை இழந்தாலே மற்றப் பக்கத்தோடு ஒப்பிடும்போது கண்ணை உறுத்தும். பழைய பசை ஒட்டியிருந்தால் அதை மட்டும் கூர்முனையால் சுரண்டுங்கள்.

பசையை மட்டுமே நம்புவது

சூப்பர் குளூ இழுவையைத் தாங்கும். பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்காது. வைப்பர், ஆண்டெனா, மிரர் ஆகியவற்றுக்கு வருவதோ பக்கவாட்டு அடிதான். உடைந்த தண்டிலும் அது நின்றிருந்த அடிப்பகுதியிலும் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே ஒரு கம்பித் துண்டைச் செருகி ஒட்டினால் சுமையைக் கம்பி ஏற்றுக்கொள்ளும். இன்னும் மெல்லிய தண்டுக்கு எலக்ட்ரிக் கிட்டாரின் முதல் தந்தி உதவும். அது பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது.

இந்த வேலையில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கூர்முனைச் சாமணம், மெல்லிய அரங்கள், பித்தளைக் கம்பி, விரலிடுக்கில் சுழற்றும் கைத்துளைப்பான் எல்லாம் கிடைக்கின்றன. துளையிடும்போது மின்துளைப்பானை எடுக்காதீர்கள். அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி அலகோடு சுற்றிக்கொள்ளும். நான் அப்படி ஒரு கதவுக் கைப்பிடியை முழுமையாக இழந்தேன்.

நெயில் பாலிஷ் ரிமூவரால் பசையைத் துடைப்பது

வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் பசையைக் கரைக்கும் முன் பெயிண்டையும் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

ஒட்டாத பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவது

சில பாகங்கள் தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். வளைத்தால் முறியாமல் வளையும். இவை பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன், அசிட்டால் வகைகளாக இருக்கக்கூடும். சாதாரணப் பசைகள் இவற்றைச் சரியாகப் பிடிக்காது. கம்பி செருகுங்கள், அல்லது வேறு பிளாஸ்டிக்கில் அந்தப் பாகத்தைப் புதிதாகச் செதுக்குங்கள்.

தரைவிரிப்பின் மேல் உட்கார்ந்து வேலை செய்வது

1:43 வைப்பரை அதில் தேடிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

உலோக உடலின் வெடிப்பைப் பசையால் அடைப்பது

பழைய டைகாஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்த) கார்களின் உடலில் எங்கும் இடிபடாமலேயே மெல்லிய வெடிப்புகள் விழுந்து, பெயிண்ட் குமிழியிட்டு, உலோகம் உப்பத் தொடங்கினால் அது உடைசல் அல்ல. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால் உள்ளிருந்தே உலோகம் சிதைகிறது. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. அந்த வெடிப்பில் எபாக்சியை ஊற்றினால் பக்கத்தில் புதிய வெடிப்பு விழும். உலர்ந்த இடத்தில் வைத்து, கைபடாமல் விடுவதே செய்யக்கூடியது. ஒரே அலமாரியில் இருப்பதால் மற்றக் கார்களுக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சி அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வார்க்கும்போதே கலந்த மாசு அது, பக்கத்துக் காருக்குப் பரவாது.