பொதுமண்டபத்திற்கு நடத்தை நெறி வகுப்பது எப்படி

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஒரு பொதுமண்டபம் இருக்கிறது. காலையில் முதியோர் உடற்பயிற்சி, மாலையில் தமிழ் வகுப்பு, சனிக்கிழமைகளில் மலாய்க்காரர் வீட்டுத் திருமண விருந்து, எப்போதாவது சீனக் குடும்பத்தின் துக்க நிகழ்வு என எல்லாமே அங்குதான் நடக்கின்றன. அதன் சுவரில் பல ஆண்டுகளாக ஒரு அறிவிப்புத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வரிகள், ஒவ்வொரு வரியும் ‘டிலாராங்’ (மலாயில் ‘தடை செய்யப்பட்டுள்ளது’) என்றே தொடங்கும். நான் குடியிருப்புக் குழுவின் செயலாளராக இருந்தபோது, ஓர் இரவு பதினொன்றரை மணிக்கும் பிறந்தநாள் விழாவின் பாட்டு ஓயாததால், கீழே இறங்கிச் சென்று மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்துவிட்டேன். நாற்பது பேர் இருட்டில் நின்றார்கள். ஒரு பாட்டி படியில் அமர்ந்து தம் செருப்பைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் நேரத்தை மீறியது உண்மைதான். ஆனால், “இந்த விதியை யார், எப்போது போட்டது?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அப்படிச் செய்ய விரும்பும் பிற குடியிருப்புகளுக்காக இதை எழுதுகிறேன்.

விதியை எழுதுவதற்கு முன், மண்டபம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்த வீடுகள் கொண்ட அடுக்ககம் என்றால் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்கக வீட்டுடைமை) நிர்வாகச் சட்டம் பொருந்தும். அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில், பிறர் மனம் புண்படும்படி பேசவோ நடந்துகொள்ளவோ கூடாது என்பது உட்படப் பல அடிப்படை விதிகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றோடு கூடுதல் விதி சேர்க்க வேண்டுமானால், குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்தில், பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். மாநகர் மன்றத்தின் வாடகை வீடுகளில் மன்றத்தின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் அமைப்பின் மண்டபமானால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செயற்குழுவிடம் செல்ல வேண்டும். சங்கக் கட்டடமாக இருந்தால், நீங்கள் எழுதும் நெறி சங்கப் பதிவிலாகாவில் பதிவான சங்க விதிகளோடு முரண்படாமல் இருக்க வேண்டும். இந்த வேலை சலிப்பூட்டுவதுதான். இருந்தாலும் இதைத் தவிர்த்துவிட்டு ஒட்டப்படும் தாளை, முதல் முறை தண்டம் கேட்கப்படுபவர் கிழித்துப் போட்டால் நம்மிடம் மறுமொழி இருக்காது.

அடுத்ததாக, வேறொரு குடியிருப்பின் விதித் தாளை வாங்கி நகலெடுக்காதீர்கள். நடந்தவற்றைத் திரட்டுங்கள். நாங்கள் இரண்டு வாரங்களுக்கு ஜாகாவின் (காவலாளியின்) கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, மண்டபத்தில் தங்களைச் சங்கடப்படுத்திய நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால், பெயர் குறிப்பிடாமல், விரும்பிய மொழியில் எழுதும்படி கேட்டோம். எழுதத் தயங்கும் முதியோரிடம் வீடு தேடிப் போய்ப் பேசினோம். மண்டபத்தையே பயன்படுத்தாத, ஆனால் அதற்கு நேர் மேலே வசிக்கும் குடும்பங்களிடமும் கேட்டோம். மிகப் பயனுள்ள செய்திகள் அங்கிருந்துதான் வந்தன. சாம்பிராணிப் புகை சன்னல் வழியாக ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அறைக்குள் போகிறது என்பது, மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் சொல்லும் வரை எங்கள் குழுவில் எவருக்கும் தெரியாது.

அந்த நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்தது சமையலறை. மலாய்க்கார மாக்சிக் (அத்தை வயதுப் பெண்) ஒருவர், மண்டபத்தின் பெரிய சட்டியில் இதற்கு முன் என்ன வெந்தது என்று தெரியாமல் தம்மால் சமைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதே சட்டியைப் பற்றி, சைவக் குடும்பம் ஒன்று வேறு காரணத்தால் அதையே எழுதியிருந்தது. மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் தடை போடலாம் என்று குழுவில் சிலர் உடனே சொன்னார்கள். அப்படிப் போட்டால் யாராவது ஒரு பிரிவினரின் உணவு ‘குற்றம்’ ஆகிவிடும் என்று மூன்று கூட்டங்கள் பேசிய பிறகே புரிந்தது. இறுதியில் மண்டபத்துக்கென்று சமையல் பாத்திரமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அடுப்பு, தொட்டி, மேசை ஆகிய மூன்று மட்டுமே பொது; சட்டி, கரண்டி, வெட்டுப்பலகை எல்லாவற்றையும் அவரவர் கொண்டுவர வேண்டும்; பயன்படுத்தியவர் அடுப்பையும் மேசையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, படம் எடுத்துப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். இந்த விதி வந்த பிறகு, தாம் என்ன சாப்பிடுகிறோம், எதைச் சாப்பிடுவதில்லை என்று எவரும் எவரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நெறி நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் இப்போது இதையே அளவுகோலாகக் கொள்கிறேன்: அது யாரையாவது தம்மைப் பற்றி விளக்கம் சொல்லும்படி செய்கிறதா?

வாசகங்களை எழுதும்போது ஆளைச் சுட்டாமல் செயலைச் சுட்டுங்கள்; அளக்கக்கூடிய சொற்களைப் பயன்படுத்துங்கள். “சத்தம் போடாதீர்” என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். “இரவு 10:30 மணிக்கு ஒலிபெருக்கி அணைக்கப்படும்; அரை மணி நேரத்தில் மண்டபம் பூட்டப்படும்” என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பக்கத்துச் சூராவில் (சிறு தொழுகைக் கூடத்தில்) தொழுகை அழைப்பு ஒலிக்கும்போது பாட்டைத் தணிக்க வேண்டும் என்று எழுதிய அதே வரியில், அடுக்ககத்தில் துக்கம் நேர்ந்த நாளிலும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று சேர்த்தோம்; மரியாதை எல்லாத் திசையிலும் போவது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது. தமிழ், மலாய், சீனம் ஆகிய மூன்று மொழிகளிலும் தாளை எழுதி, ஒவ்வொன்றையும் அம்மொழியில் வளர்ந்த ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதட்டல் காதில்தான் முதலில் விழும்.

பேச்சைப் பற்றிய விதி தனியே நிற்க வேண்டும். இனம், மதம், சாதி ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவது கூடாது என்று நாங்கள் வெளிப்படையாக எழுதினோம். சாதி என்ற சொல் அங்கே வேண்டுமா என்று நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், சடங்குக்கு வந்தவர்களிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கப்பட்ட கதை நோட்டில் இரண்டு முறை இருந்தது. 1970இல் அறிவிக்கப்பட்ட, மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். அதைப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லும்போது, பெரியவர்கள் மண்டபத்தில் அப்படிக் கேட்பதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி, மீறினால் என்ன செய்வது? பொதுவளங்களை மக்கள் தாமே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்வதைக் கண்டார். எங்கள் ஏற்பாடும் அதுதான். முதல் முறை நேரில் ஒரு சொல். இரண்டாம் முறை கடிதம். மூன்றாம் முறை நூறு வெள்ளி (ரிங்கிட்) முன்பணத்தில் பாதி பிடித்தம். அதற்கும் மேல் போனால் மூன்று மாதங்களுக்கு முன்பதிவு இல்லை. பிடித்தம், தண்டம் ஆகியவற்றின் தொகையைக் குழு தன்னிச்சையாக முடிவு செய்யாமல் பொதுக்கூட்டத்தில் வைத்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள். முடிவில் மனக்குறை உள்ளவர் முறையிடக் குழுவில் இல்லாத மூவரை நியமியுங்கள். அடிதடியும், பெண்களிடமோ பிள்ளைகளிடமோ தவறாக நடப்பதும் இந்தப் படிகளுக்குள் வரவே கூடாது. அவற்றுக்குக் காவல் நிலையம்தான்.

நேரில் சொல்லும் அந்த முதல் சொல்லில்தான் பெரும்பாலானவை தீர்கின்றன. அதனால் அதைச் சொல்லும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும். இருவர் செல்லுங்கள், அவர்களில் ஒருவர் விழா வீட்டாரின் மொழி பேசுபவராக இருக்கட்டும். விருந்தினர் முன்னிலையில் பேசாமல், வீட்டுப் பெரியவரைத் தனியே அழைத்து, “அண்ணே, மணி பத்தரை ஆகிவிட்டது, பாட்டை மட்டும் நிறுத்திவிடுவோம், சாப்பாடு நடக்கட்டும்” என்பது போலச் சொல்லுங்கள். எவருடைய தவற்றையும் படம் பிடித்துக் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். அவமானப்பட்டவர் அந்த விதியை ஒருநாளும் தம்முடையதாக ஏற்கமாட்டார்.

உங்கள் நெறிக்கு முதல் சோதனை பெரும்பாலும் குழுவினரின் உறவினரால்தான் வரும். எங்களுக்கும் அப்படியே வந்தது. பொருளாளரின் அண்ணன் மகளுக்கு நடந்த சடங்கு விழா, இரண்டு எச்சரிக்கைகள் ஏற்கெனவே பெற்றிருந்த குடும்பத்தின் மூன்றாவது நிகழ்ச்சி. பாட்டு 11:20 வரை நீண்டது. மறுநாள் காலை பொருளாளர் அக்கா தாமே ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஐம்பது வெள்ளி பிடித்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதன்பின் பிடித்தத் தொகையை எதிர்த்து எங்களிடம் எவரும் வாதிடவில்லை.

தாளின் அடியில், எந்தத் தேதியில் நடந்த கூட்டத்தில் எத்தனை பேர் ஆதரித்து அது நிறைவேறியது என்பதை அச்சிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பார்த்து, தேவையற்றதை நீக்குங்கள். வாக்கு வீட்டு உரிமையாளருக்கு உரியது. ஆயினும் வாடகைக்கு இருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களும் அதே மண்டபத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்; புதிதாக வருபவர்களுக்குத் தாளைக் கையில் திணிக்காமல் ஒருமுறை வாயால் சொல்லுங்கள்.

பழைய மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டே புதிய தாளை ஒட்டுங்கள். எங்கள் தாள் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, நான் இருட்டில் நிறுத்திய அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு, சனிக்கிழமைகளில் மட்டும் 10:30 என்பதைப் பதினொன்று ஆக்கலாமே என்று கேட்டார். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிரலில் அதைச் சேர்த்தோம், அவரே எழுந்து முன்மொழிந்தார், நிறைவேறியது.