எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக் குரங்கு, முதலைக் கதை எழுதுவது எப்படி?

கதையைச் சுருக்கச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் வெட்டிவிடுவது ‘ஏன்’ என்பதைத்தான். பிள்ளை படித்து முடித்துவிட்டு, “குரங்கு எதுக்கு முதலை மேல ஏறுச்சு?” என்று கேட்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுதும்போது சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், காரணத்தில் கை வைக்கக் கூடாது.

பஞ்சதந்திரத்தின் குரங்கு, முதலைக் கதையையே எடுத்துக்கொள்வோம். உடுமலைப் பக்கம் அமராவதி அணை முதலைப் பண்ணையைப் பார்த்த பிள்ளைக்கு முதலையை விளக்க வேண்டியதில்லை. நாவப்பழமும் தெரிந்ததுதான். முதலில் காரணங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். குரங்கு பழம் தருகிறது, அதனால் நட்பு. இனிப்புப் பழம் தின்கிற குரங்கின் இதயமும் இனிக்கும் என்று முதலையின் மனைவி நினைக்கிறாள், அதனால் ஆசை. விருந்து என்று கூப்பிட்டதால் குரங்கு முதுகில் ஏறுகிறது. இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேன் என்றதை நம்பி முதலை திரும்புகிறது. இந்த நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் கதை நிற்காது. ‘அடர்ந்த காடு’, ‘அழகிய பெரிய மரம்’ எல்லாவற்றையும் படம் பார்த்துக்கொள்ளும்.

3 ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் 12 பக்கம். அட்டை 2 போக, கதைக்கு 10. பக்கத்துக்கு 2 வரி, வரிக்கு 2 முதல் 4 சொல். ஒரு சொல்லை இரண்டு வரியாக உடைக்க வேண்டாம்.

சொல் தேர்வில்தான் வேலை அதிகம். ‘கொடுத்தது’ என்பதில் கண் முதலில் கொம்பைப் பார்க்கும், வாயோ ‘க’வில் தொடங்க வேண்டும், புதிதாகப் படிக்கிற பிள்ளை அங்கே திணறும். ‘தந்தது’ போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ‘நெஞ்சு’ வேண்டாம், ‘இதயம்’ எளிது. ‘மரத்திலிருந்து’ 8 எழுத்து. ‘மரத்தில் இருந்து’ என்று பிரித்துவிடுங்கள். ‘முதலைக்குப் பழம் தந்தது’ என்ற வரியில் ‘ப்’ தடுக்கும், அதை எடுத்துவிட்டாலோ பிழை. நடுவில் ‘ஒரு’ சேர்த்தால் ஒற்றே தேவைப்படாது. ‘லை’யிலும் குறி முன்னால் நிற்கும், ஆனால் ‘முதலை’யைத் தவிர்க்க வழியில்லை. புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன் ‘லை’யைப் பலகையில் எழுதிக் காட்டிவிட வேண்டியதுதான்.

சில பக்கங்கள் இப்படி வரலாம்:

குரங்கு பழம் பறித்தது.
முதலைக்கு ஒரு பழம் தந்தது.

“என் முதுகில் ஏறு.
வீட்டில் விருந்து!”

“இதயம் மரத்தில் இருக்கிறது.
திரும்பு, திரும்பு!”

முதல் இரண்டு வரி 3 பக்கங்களில் அப்படியே திரும்ப வரட்டும். மூன்றாம் முறை பிள்ளை முந்திக்கொண்டு படிக்கும். ‘என் முதுகில்’ என்று அச்சில் இருப்பதை “என்ர முதுகுல” என்று படித்தால் உடனே திருத்தாதீர்கள், பொருள் புரிந்துதான் படிக்கிறது.

ஊர்ப் பொருளை நுழைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஈசாப் காக்கையின் பாலாடைக்கட்டி நம்மிடம் வடையானது பொருந்திவிட்டது. வடையும் அலகில் நிற்கும், வாய் திறந்தால் விழும். நம்மூர் பேக்கரி என்று தேங்காய் பன்னை வைத்தால் காக்கையால் தூக்கவே முடியாது.

கடைசிப் பக்கத்தில் ‘நீதி:’ என்று ஒரு வரி வேண்டாம். குரங்கு மரத்தில் தாவியதும் முடித்துவிடுங்கள். இருவரையும் சமாதானமாக்கி முடிப்பவர்கள் உண்டு. அதுவரை கட்டிய பயமெல்லாம் வீணாகிவிடும்.

அச்சுக்கு முன் 3 பிள்ளைகளிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். முதலில் நீங்கள் படித்துக் காட்டக் கூடாது. காட்டினால் மனப்பாடம் செய்து, படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன கண்ணு?” என்று கேளுங்கள். விரல் ஒரு எழுத்தில் நின்றால் பென்சிலால் வட்டமிட்டு அந்தச் சொல்லை மாற்றுங்கள். சரளமாகப் படித்துவிட்டு “ஏன்?” என்று கேட்டால் சொல்லில் குறையில்லை, அந்தப் பக்கத்துக்கு முன் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.