படிச்ச புத்தகத்தைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுறது எப்படி? (முதல் தடவை பேசப் போறவங்களுக்கு)

மொதல்ல நான் மானம் கெட்ட கதைய சொல்லிடறேன், அப்புறம் பாடத்துக்குப் போவோம்.

எங்க ஏரியாவுல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு மொட்டை மாடில எட்டு பத்து பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு புத்தகம், அதுல என்ன பிடிச்சதுன்னு சொல்லணும், அவ்ளோதான் ரூல். நான் போன மொத நாள் பொன்னியின் செல்வனை எடுத்துட்டுப் போனேன். அஞ்சு பாகம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஏரிக்கரைல வந்தியத்தேவன் குதிரைல வர்றதுல ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்ல, நடுவுல சுண்டல் வந்துச்சு, டீ வந்துச்சு, டீ ஆறியும் போச்சு, நான் மூணாவது பாகத்துல நிக்கிறேன். முக்கால் மணி நேரம்! முடிச்சதும் அங்க வர்ற ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சார் ஒருத்தர் எழுந்து வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றி தம்பி, பேரன் ஊருக்குப் போனதும் இத படிக்கணும்னு வாங்கி வச்சிருந்தேன், இனிமே வேண்டாம்" அப்படின்னார். கிண்டலா நெஜமாவான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியல.

அதுக்கப்புறம் நிறைய மாசம் உக்காந்து மத்தவங்க பேசுறத கவனிச்சு, நானும் சொதப்பி சொதப்பி கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கறது. ஆபீஸ் நண்பர்கள்கிட்ட பேசினாலும் சரி, வீட்ல பசங்ககிட்ட சொன்னாலும் சரி, இதே முறைதான்.

ஸ்டெப் 1: புத்தகத்தை எடுங்க

பெரிய புத்தகமா, விருது வாங்கினதான்னு பாக்காதீங்க. எந்த புத்தகத்துக்காக குக்கர் விசில எண்ண மறந்தீங்களோ, எதுக்காக இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டீங்களோ, அதுதான். பஸ் ஸ்டாண்டு கடைல வாங்கின பாக்கெட் நாவலா இருந்தா கூட தப்பில்ல. பாதி படிச்சத மட்டும் எடுக்காதீங்க, யாராவது முடிவப் பத்தி ஒரு கேள்வி கேட்டா முழிக்கணும்.

ஸ்டெப் 2: படிக்கும்போதே மூணு இடத்தைக் குறிச்சு வைங்க

சொந்த புத்தகம்னா கடைசி காலிப் பக்கத்துல பென்சிலால பக்க நம்பர், பக்கத்துல ஒரு வார்த்தை. "87 - சிரிப்பு", "142 - கோவம்", இந்த மாதிரி. லைப்ரரி புத்தகம்னா தயவு செஞ்சு கோடு போடாதீங்க. நான் பஸ் டிக்கெட்ட வச்சு அதோட பின்பக்கம் எழுதிப்பேன். மூணுக்கு மேல குறிக்க வேண்டாம், ஏன்னா இருபது இடத்த குறிச்சா பேசுற அன்னிக்கு எத விடுறதுன்னு தெரியாம எல்லாத்தையும் சொல்லி, என்ன மாதிரி முக்கால் மணி நேரம் ஆயிடும்.

ஸ்டெப் 3: மூணுல ரெண்ட தூக்கி போடுங்க

முக்கியமான ஸ்டெப் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிப்போம். ஒரு புத்தகத்த முழுசா அஞ்சு நிமிஷத்துல யாராலயும் காட்ட முடியாது. ஒரு இடத்த காட்டலாம். சோறு வெந்துச்சான்னு பாக்க பானைய கவுத்தா பாக்கிறோம்?

உதாரணத்துக்கு தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரோட (உ.வே.சா.) என் சரித்திரம். 1940ல ஆனந்த விகடன்ல தொடரா ஆரம்பிச்சது, 1942ல அவர் காலமானதால பாதிலயே நின்னு போன தன்வரலாறு. தடிமனான புத்தகம், பொறந்த ஊர்ல ஆரம்பிச்சு வரிசையா சொன்னா கேக்கறவங்க கொட்டாவி விடுவாங்க. நான் ஒரே ஒரு சீன்தான் சொன்னேன்.

1880, கும்பகோணம். உ.வே.சா.வுக்கு 25 வயசு, காலேஜ்ல தமிழ் வாத்தியார். ஊருக்கு முன்சீபா, அதாவது கீழ் கோர்ட் ஜட்ஜா, வந்திருக்கற சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்கப் போறாரு. யார்கிட்ட தமிழ் படிச்சீங்கன்னு கேக்கறாரு முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டன்னு சொல்றாரு இவரு. அந்த பேர சொன்னாலே எல்லாரும் ஆஹான்னு சொல்லுவாங்க, முதலியார் முகத்துல ஒரு அசைவும் இல்ல. சரி என்னென்ன படிச்சீங்கன்னு கேட்டா, அந்தாதி, கலம்பகம், கோவை, உலான்னு இவர் அடுக்கிக்கிட்டே போறாரு, அந்த மனுஷன் அசரவே இல்ல. இதெல்லாம் படிச்சு என்ன ஆகப் போகுது, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேக்கறாரு. படிக்கிறது இருக்கட்டும், அந்த ஏட்டக் கூட இவர் கண்ணால பாத்ததில்ல.

இங்க நிறுத்திட்டேன். மாடில சத்தமே இல்ல. அப்புறம் ஒரே வரி: ஏழு வருஷம் கழிச்சு, 1887ல, அதே சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தது இவர்தான். நடுவுல அந்த ஏழு வருஷம் என்ன ஆச்சுன்னு புத்தகத்துல இருக்குன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். மூணே முக்கால் நிமிஷம்.

ஸ்டெப் 4: எந்த வகை புத்தகமோ அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க

எல்லா புத்தகத்துக்கும் ஒரே அச்சு செட் ஆகாது. இட்லித் தட்டுல தோசை ஊத்த முடியாதுல்ல.

சரித்திர நாவல்னா, எது நெஜம் எது கற்பனைன்னு ஒரு சின்ன கோடு போட்டு காட்டுங்க, கேக்கறவங்களுக்கு அதுல ஒரு தனி சுவாரசியம். பொன்னியின் செல்வன்ல நந்தினி கல்கியோட கற்பனை. ஆனா சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை நெஜமாவே நடந்தது, அதுல சம்பந்தப்பட்டவங்க சொத்த பறிமுதல் பண்ணினத சொல்ற கல்வெட்டு உடையார்குடி கோயில்ல இருக்கு, ரவிதாசன்ங்கற பேர் அதுலயே வருது. நான் மொத நாள் இந்த ஒரு விஷயத்த மட்டும் சொல்லி உக்காந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்! அப்புறம் அது 1950ல இருந்து 1954 வரைக்கும் பத்திரிகைல வாரா வாரம் வந்த தொடர், அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயமும் முடியற இடத்துல ஒரு கொக்கி இருக்கும். அஞ்சு பாகத்த பாத்து பயப்படுறவங்ககிட்ட இத சொல்லுங்க, "சீரியல் மாதிரி தினம் ரெண்டு எபிசோடு படிங்க"ன்னா கப்புனு பிடிச்சுப்பாங்க.

துப்பறியும் கதைன்னா கொலைகாரன் யாருன்னு சொன்னா உங்களத்தான் முதல்ல கொல்லணும். அத தவிர பேச நிறைய இருக்கு. சுஜாதாவோட கணேஷ், வசந்த்னு எடுத்துக்கிட்டா, சீனியர் வக்கீல் சீரியஸா யோசிச்சுட்டு இருப்பாரு, ஜூனியர் நடுவுல எதையாவது சொல்லி வாரிட்டே இருப்பான், அந்த பேச்சுக்காகவே நான் பல கதைய ரெண்டாவது தடவ படிச்சிருக்கேன், முடிவு தெரிஞ்சும். அதப் பத்தி பேசுங்க.

சயின்ஸ் பிக்‌ஷன்ல கதைய விட அந்த உலகத்தோட சட்டதிட்டம் என்னன்னு சொல்லுங்க. அதே சுஜாதாவோட என் இனிய இயந்திரா 2021ல நடக்கற மாதிரி எண்பதுகள்ல எழுதினது. அதுல மனுஷங்களுக்கு பேரே ரெண்டு எழுத்துதான், நிலா, சிபி, ரவி இப்படி, ஜீனோன்னு ஒரு இயந்திர நாய்க்குட்டி உக்காந்து புத்தகம் படிக்கும். 2021 வந்துட்டு போயிடுச்சு, நாம என்ன பண்ணிட்டு இருந்தோம், மாஸ்க் போட்டுட்டு இருந்தோம். இத ஒரு காலேஜ் பொண்ணு எங்க மாடில சொன்னப்போ எல்லாரும் அவங்கவங்க பேர்ல எத்தன எழுத்துன்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

யதார்த்தமான நாவல்தான் கஷ்டம், ஏன்னா "கதை என்ன?"ன்னு கேட்டா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். அசோகமித்திரனோட தண்ணீர்ல என்ன கதைன்னா, சென்னைல ஒரு தெருவுல தண்ணி வரல. அவ்ளோதான். இப்படி சொன்னா யாரும் படிக்க மாட்டாங்க. அதனால இந்த மாதிரி புத்தகத்துக்கு கேக்கறவங்க வாழ்க்கைல இருந்து வாங்க. எங்க கூட்டத்துல ஒரு அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு பம்பு அடிச்சு குடம் ரொப்பின அவங்க சின்ன வயசு கதைல ஆரம்பிச்சாங்க, ரெண்டு வீட்டுக்காரங்க குடத்த நகத்தி வச்சதுக்கு பேச்சு வார்த்தை நின்னு போனது வரைக்கும். அப்புறம்தான் நாவலோட நாயகி ஜமுனாங்கற பேரயே எடுத்தாங்க. ஒரு பொண்ணு வாழ்க்கைல என்னென்ன வத்திப் போச்சுங்கறதுதான் அந்த நாவல், தெருவுல தண்ணி வரலங்கறது மேல தெரியறது மட்டும்தான்னு அவங்க சொன்ன விதம், சின்ன புத்தகம் வேற, அடுத்த வாரமே நாலு பேர் படிச்சுட்டாங்க.

சிறுகதைத் தொகுப்புன்னா எல்லா கதையையும் தொடாதீங்க, ஒண்ணே ஒண்ணு. புதுமைப்பித்தனா, கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் போதும். கடவுள் மெட்ராஸ்ல வந்து இறங்குறாரு, பிள்ளைவாள் அவர ஓட்டலுக்கு கூட்டிட்டு போறாரு, தன்னோட சித்த வைத்திய பத்திரிகைக்கு கடவுள்கிட்டயே ஜீவிய சந்தா கேக்கறாரு. கடவுளுக்கு ஏதுய்யா ஜீவிய காலம்! இத சொன்னா மீதிய அவங்களே தேடிப்பாங்க.

கட்டுரை நூல்னா, வீட்டுக்கு எடுத்துட்டு போற மாதிரி ஒரு தகவல் குடுங்க. தொ. பரமசிவனோட அறியப்படாத தமிழகத்துல உப்பு பத்தி ஒரு கட்டுரை, அதுல உப்புன்னாலே சுவைன்னு அர்த்தம், அதனாலதான் இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாத்துலயும் உப்பு ஒட்டிட்டு இருக்குன்னு சொல்லுவாரு. கேட்ட அன்னிக்கு நைட்டு சாப்பிட உக்காந்தப்போ எங்க வீட்ல எல்லார்கிட்டயும் இத சொன்னேன். என் பொண்ணு "அப்போ காரம்?"னா. மாட்டிக்கிட்டேன்.

மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவர் பேர கண்டிப்பா சொல்லுங்க, பாவம் அவங்க பேர யாருமே சொல்றதில்ல. வால்காவிலிருந்து கங்கை வரைன்னா ராகுல சாங்கிருத்தியாயன் பேர் எல்லாருக்கும் தெரியும், நாம படிச்ச ஒவ்வொரு தமிழ் வார்த்தையும் கண. முத்தையா போட்டது. கவிதைன்னா விளக்கமே வேண்டாம், ஒரு கவிதைய சத்தமா ரெண்டு தடவ படிங்க, நடுவுல கொஞ்சம் மூச்சு விடுங்க, போதும்.

ஸ்டெப் 5: நாலு வார்த்தைக்கு தடை

சூப்பர், அருமை, வேற லெவல், "கண்டிப்பா எல்லாரும் படிக்கணும்". எங்க மாடில இதுல ஒண்ணு சொன்னா அடுத்த மாசம் சுண்டல் செலவு அவங்களோடது. மொதல்ல பேச்சே வராது, திக்கும். அந்த திக்கல்ல இருந்துதான் உங்க சொந்த அபிப்பிராயம் வெளிய வரும், "அருமை"க்கு பதிலா "இத படிச்சதுல இருந்து எங்கப்பாவுக்கு போன் பண்ணாம ஒரு நாள் கூட இருக்க முடியல"ன்னு ஒரு பையன் சொன்னான்.

ஸ்டெப் 6: எது பிடிக்கலைன்னும் ஒரு வரி

புகழ்ந்துகிட்டே இருந்தா விளம்பரம் மாதிரி ஆயிடும், யாரும் நம்ப மாட்டாங்க. "மொத அம்பது பக்கம் இழுவை, பல்லக் கடிச்சுட்டு தாண்டிடுங்க" மாதிரி ஒரு வரி போதும். ஆனா எழுத்தாளர திட்டாதீங்க, அவர் ஜாதி, கட்சி, யார் கூட சண்டைங்கறதெல்லாம் எடுத்தா அன்னிக்கு கூட்டம் அதோட முடிஞ்சுது, அனுபவத்துல சொல்றேன்.

ஸ்டெப் 7: யாருக்குன்னு சொல்லுங்க

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு போனவரு, 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு. அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நம்ம வேலை அந்த ரெண்டுக்கும் நடுவுல புரோக்கர் வேலை. அதனால பொத்தாம் பொதுவா சொல்லாம, "ராத்திரி தூக்கம் வராதவங்களுக்கு", "ஊர விட்டு வந்து ஊர நெனச்சுட்டே இருக்கறவங்களுக்கு", "தமிழ் தடுமாறி படிக்கற பசங்களுக்கு, எழுத்து பெருசா இருக்கு"ன்னு ஆள் பாத்து சொல்லுங்க. விலை, எத்தன பக்கம், எந்த பதிப்பு, லைப்ரரில இருக்கா, இதையும் சொல்லிடுங்க. கல்கி, புதுமைப்பித்தன் எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆனது, பல பதிப்பகம் போட்டிருக்காங்க, சிலதுல அச்சுப்பிழை சோத்துல கல்லு மாதிரி வரும், வாங்குறதுக்கு முன்னாடி நாலு பக்கம் புரட்டி பாக்க சொல்லுங்க.

ஸ்டெப் 8: டைமர் வைங்க, அப்புறம் கடன் நோட்டு

போன்ல அஞ்சு நிமிஷம் அலாரம் வச்சு, வீட்ல ஒரு தடவ சத்தமா பேசி பாருங்க. எழுதி வச்சு படிக்காதீங்க, ஸ்கூல் பேச்சுப் போட்டி மாதிரி ஆயிடும்.

நல்லா பேசினீங்கன்னா உடனே ஒரு தொல்லை வரும், புத்தகத்த இரவல் கேப்பாங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி பேர், தேதி எழுதிட்டு குடுங்க, கூச்சப்படாதீங்க. நோட்டு போடறதுக்கு முன்னாடி நான் இழந்தது பதினோரு புத்தகம்.

நோட்டுல மொத பேர் போஸ்ட்மாஸ்டர் சார்தான். அந்த கும்பகோணம் சீன் சொன்ன அன்னிக்கே என் சரித்திரத்த வாங்கிட்டு போனாரு, நாலு மாசம் ஆச்சு திரும்பி வர. ஏழு வருஷம் என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா சார்னு கேட்டேன், "அத விடுங்க தம்பி"ன்னுட்டு போயிட்டாரு. வீட்டுக்கு வந்து புரட்டினா என் டிக்கெட் நான் வச்ச இடத்துலயே இருக்கு, அதுக்கு ரொம்ப முன்னாடி, உ.வே.சா. சின்ன பையனா தமிழ் சொல்லித் தர ஆளத் தேடி அப்பா கூட ஊர் ஊரா அலையற பகுதில, இன்னொரு டிக்கெட் இருந்துச்சு. பின்னாடி பென்சில்ல ஒரே ஒரு வார்த்தை, "அப்பா"ன்னு.