மாநிலம் மாறும்போது கார் இன்சூரன்ஸில் நாம் செய்யும் தவறுகள்

நியூ ஜெர்சியிலிருந்து டல்லாஸுக்கு வீடு மாறுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட், இன்டர்நெட், வங்கி, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றிவிடுவோம். கார் இன்சூரன்ஸை மட்டும் தொட மாட்டோம். மாதாமாதம் பணம் தானாகப் போகிறது, கார்டு வண்டியிலேயே இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்கள் கார் வாங்கும்போது என்னிடம் கேட்டால், காரைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

இந்த அலட்சியம் நம் ஊரிலிருந்து நம்மோடு வருகிறது என்று நினைக்கிறேன். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஓசூரைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனாலும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸின் விதி மாறுவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் வண்டி மோதி ஒருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, அந்த தேர்ட் பார்ட்டி பாலிசி கொடுக்கும் இழப்பீட்டுக்கு அங்கே உச்சவரம்பு கிடையாது. எதிராளியின் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான் ஏழரை லட்சம் ரூபாய் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். "சட்டப்படி இன்சூரன்ஸ் இருக்கிறது, மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை நமக்குள் ஊறியது அப்படித்தான்.

அமெரிக்காவில் அந்த நம்பிக்கை ஆபத்தானது. இங்கே சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்சூரன்ஸுக்குத் தெளிவான, மிகச் சிறிய எல்லை இருக்கிறது. அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலரும் வண்டி ஓட்டியவரின் தலையில் விழும். அந்த எல்லையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஏனென்றால் இன்சூரன்ஸை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது என்று 1945-ல் வந்த மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் உறுதி செய்துவிட்டது.

மூன்று எண்களைப் படிக்காமல் விடுவது

பாலிசியின் முதல் பக்கத்தில் 30/60/15 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். எல்லாம் ஆயிரம் டாலர் கணக்கு. முதல் எண், நம் தவறால் காயமடைந்த ஒருவருக்குக் கம்பெனி அதிகபட்சம் கொடுக்கும் தொகை. இரண்டாவது, அந்த விபத்தில் எத்தனை பேர் காயமடைந்தாலும் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பது. மூன்றாவது, அடுத்தவர் காருக்கோ சுவருக்கோ வேலிக்கோ ஆன சேதத்துக்கு.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்னலில் நின்ற காரின் பின்னால் மோதிவிட்டோம். ஓட்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை, ஃபிசியோதெரபி, வேலைக்குப் போகாத மாதங்கள் என்று சேர்ந்து 1,10,000 டாலர் ஆகிறது. கம்பெனி 30,000 கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதி 80,000 டாலருக்கு அவர் நம்மீது வழக்குப் போடலாம். தீர்ப்பு அவர் பக்கம் வந்தால், பல மாநிலங்களில் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய கோர்ட் உத்தரவிட முடியும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் வீட்டு டவுன் பேமென்ட்டுக்குச் சேர்த்ததும் அதில் போகும். மூன்றாவது எண்ணும் அப்படித்தான். புதுக் கார் ஒன்றின் சராசரி விலையே 45,000 டாலரைத் தாண்டிவிட்ட காலத்தில், 15,000 டாலர் எந்த மூலைக்கு?

இந்த எண்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல உதாரணம். அங்கே 15/30/5 என்ற குறைந்தபட்சம் 1967-ல் வைத்தது. 2024 முடியும்வரை அதுவே தொடர்ந்தது. 1967-ல் 5,000 டாலருக்கு ஒரு நல்ல புதுக் காரே வாங்கியிருக்கலாம். 2025 ஜனவரி 1 முதல்தான் 30/60/15 ஆனது. அடுத்த உயர்வு, 50/100/25, 2035-ல். குறைந்தபட்சம் என்று சட்டம் சொல்லும் தொகைக்கும் இன்றைய மருத்துவமனை பில்லுக்கும் தொடர்பே இல்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

என் கருத்து: வீடோ சேமிப்போ நிலையான சம்பளமோ இருக்கிறவர்கள் 100/300/100-க்குக் கீழே போகக் கூடாது. அதற்குப் பிரீமியம் மூன்று மடங்காகாது. முதல் 30,000 டாலருக்குத்தான் கம்பெனி பெரும்பகுதிப் பணத்தை வாங்குகிறது, அதற்கு மேலே போகப்போகச் செலவு குறைவாகத்தான் ஏறும். இரண்டு தொகைக்கும் கொட்டேஷன் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய எண்ணை நம்பியிருப்பது

நண்பர் சொன்ன எண், ஐந்து வருடத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவில் வந்த எண், இதையெல்லாம் நம்பி முடிவெடுக்காதீர்கள். சமீபத்தில் பல மாநிலங்கள் குறைந்தபட்சத்தை ஏற்றியிருக்கின்றன. வர்ஜீனியா 2025 ஜனவரியிலிருந்து 50/100/25. வட கரோலினா 2025 ஜூலையிலிருந்து 50/100/50. மாசசூசெட்ஸில் அதே ஜூலையிலிருந்து 25/50/30. நியூ ஜெர்சியில் 2023-ல் 25/50/25 ஆகி, 2026 ஜனவரியில் 35/70/25 ஆகியிருக்கிறது. டெக்சஸ் 30/60/25. பென்சில்வேனியா இன்னும் 15/30/5-லேயே நிற்கிறது.

எண் மட்டும்தான் மாறுகிறது என்று நினைப்பது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. மாநிலம் மாறும்போது இன்சூரன்ஸின் வகையே மாறிவிடும்.

ஃப்ளோரிடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே சாதாரணக் காருக்குச் சட்டம் கேட்பது இரண்டுதான்: பிப் என்று சுருக்கமாகச் சொல்லும் சொந்தக் காயத்துக்கான பாதுகாப்பு 10,000 டாலர், எதிராளியின் சொத்துச் சேதத்துக்கு 10,000 டாலர். எதிராளியின் உடல் காயத்துக்கான இன்சூரன்ஸ் பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமே இல்லை. அதாவது, சட்டப்படி எல்லாம் சரியாக வைத்திருக்கும் ஒருவர் நம்மை மோதினாலும், நம் எலும்பு முறிவுக்குக் கொடுக்க அவர் பாலிசியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நம்முடைய பிப்பிலிருந்து மருத்துவச் செலவில் 80 சதவீதம், சம்பள இழப்பில் 60 சதவீதம், 10,000 டாலர் எல்லைக்குள் கிடைக்கும். அதற்கும் விபத்து நடந்த 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். "லேசான கழுத்துவலிதானே, தைலம் தேய்த்தால் போய்விடும்" என்று மூன்று வாரம் பொறுத்துவிட்டுப் போனால், பிப்பிலிருந்து ஒன்றும் வராது.

அதனால் ஃப்ளோரிடாவுக்குப் போகிறவர்கள் அன்இன்சூர்டு மோட்டாரிஸ்ட் என்ற பகுதியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மோதியவரிடம் காயத்துக்கான இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், ஓடிப்போய்விட்டாலும், நம் கம்பெனியே நமக்குக் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. டெக்சஸில் இதையும் பிப்பையும் கம்பெனி நமக்குத் தந்தாக வேண்டும், நாம் எழுத்தில் வேண்டாம் என்று சொன்னால் மட்டுமே நீக்கலாம். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது வரிசையாகக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டே போகும் இல்லையா, அவற்றில் ஒன்று இந்த "வேண்டாம்" ஆக இருக்கலாம். தயவுசெய்து அந்த இடத்தில் நின்று படியுங்கள்.

மிச்சிகன் இன்னொரு உலகம். அங்கே 2020 ஜூலை வரை விபத்தில் அடிபட்டவருக்கு வாழ்நாள் முழுக்க வரம்பில்லாத மருத்துவச் செலவு என்பது கட்டாயமாக இருந்தது. இப்போது 2,50,000, 5,00,000, வரம்பில்லாதது என்று தேர்வு செய்துகொள்ளலாம். பிரீமியம் குறைகிறதே என்று சிறியதைத் தேர்வு செய்வதற்கு முன், அலுவலக ஹெல்த் இன்சூரன்ஸ் கார் விபத்துக் காயத்தை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலானோருக்குக் கார் இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை, ஆனால் விபத்து ஏற்படுத்தினால் பணம் கட்டும் வசதியைக் காட்ட வேண்டும். வர்ஜீனியாவில் 500 டாலர் கட்டிவிட்டு இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டும் வழி 2024 ஜூலையோடு முடிந்தது. பழைய ஆட்கள் யாராவது அதைச் சொன்னால் கேட்காதீர்கள்.

"ஃபுல் கவரேஜ்" என்ற சொல்லை நம்புவது

சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. அந்த மூன்று எண்களும் குறிக்கும் லயபிலிட்டி அடுத்தவருக்கானது, நம் காருக்கு அதில் ஒரு சென்ட் வராது. நம் கார் மோதலில் நசுங்கினால் கொலிஷன், திருட்டு, ஆலங்கட்டி, மான் மோதல் போன்றவற்றுக்கு காம்ப்ரஹென்ஸிவ். லோனில் வாங்கியிருந்தால் வங்கி இரண்டையும் கேட்கும். இவை இரண்டும் இருந்துவிட்டால் ஃபுல் கவரேஜ் என்று பேச்சு வழக்கில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் பாலிசியிலும் லயபிலிட்டி 30/60/15-ஆகவே இருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது நிறுத்திவிட்டுப் போவது

இது முழுக்க நம்மவர்களின் தவறு. இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம், கார் பார்க்கிங்கில் சும்மாதானே நிற்கப் போகிறது, எதற்கு வீணாகப் பிரீமியம் என்று பாலிசியை ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கும்வரை இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் விதி. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. கம்பெனியே ரத்தான செய்தியை மாநிலத்துக்கு அனுப்பிவிடும்.

நியூயார்க்கில் நம்பர் பிளேட்டை ஒப்படைத்த பிறகுதான் பாலிசியை ரத்து செய்யலாம். இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷன் இடைநிறுத்தப்படும். அதைத் தவிர்க்க அபராதம் கட்ட வேண்டுமானால், முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், அடுத்த 30 நாளுக்கு 10 டாலர், அதற்கடுத்த 30 நாளுக்கு 12 டாலர். 90 நாளைத் தாண்டினால் டிரைவிங் லைசென்ஸையும் நிறுத்துவார்கள். எந்த மாநிலமானாலும், இடையில் இன்சூரன்ஸ் இல்லாத நாட்கள் இருந்தால் அடுத்த பாலிசிக்குப் பெரும்பாலும் விலை கூடும். கலிஃபோர்னியாவில் இன்னொரு பெரிய இழப்பும் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் சொந்தக் காரை ஓட்டும்போது தவறே செய்யாமல் அடிபட்டாலும், வலிக்கும் வேதனைக்குமான நஷ்டஈட்டைக் கேட்க முடியாது. 1996-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ரொபோசிஷன் 213 அது. ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு, ரத்து செய்யாமல் பிரீமியத்தை மட்டும் குறைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய முகவரியிலேயே ஓட்டுவது

நம் பாலிசியோடு வேறு மாநிலத்துக்குச் சுற்றுலா போனால் பயமில்லை. அந்த மாநிலத்தின் குறைந்தபட்சம் அதிகமாக இருந்தால், நம் பாலிசி அதற்கேற்ப உயர்ந்துகொள்ளும் என்ற ஷரத்து பொதுவாகவே இருக்கும். ஆனால் அது போய்வருகிறவர்களுக்கானது. குடிபெயர்ந்துவிட்டால் கலிஃபோர்னியாவில் 20 நாளுக்குள், டெக்சஸில் 30 நாளுக்குள் வண்டியை அங்கே பதிவு செய்ய வேண்டும், இன்சூரன்ஸையும் அந்த மாநிலத்துக்கு மாற்ற வேண்டும். பழைய ஊரில் பிரீமியம் குறைவு என்று நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம்.

வீட்டில் இருப்பவர்களின் பெயரும் அப்படியே. மனைவி லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியும் பாலிசியில் பெயர் சேர்க்காதவர்கள் நிறைய. ஆறு மாதம் தங்க வந்த அப்பா பக்கத்துக் கடைக்குக் காரை எடுத்துப் போகிறார் என்றாலும் முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். பெயர் இல்லாதவர் நம் அனுமதியோடு ஓட்டினால் மாநிலத்தின் குறைந்தபட்சம் மட்டுமே கொடுப்போம் என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும். நாம் 100/300/100-க்குப் பணம் கட்டியிருந்தாலும், அன்றைக்குக் கிடைப்பது அந்தச் சிறிய தொகைதான்.

எல்லையைத் தாண்டும்போது

டெட்ராய்ட்டிலிருந்தோ பஃபலோவிலிருந்தோ டொரோண்டோவுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் போகிறவர்கள் அதிகம். அமெரிக்க பாலிசி பொதுவாகக் கனடாவில் செல்லும், டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் குறைந்தபட்ச லயபிலிட்டியோ 2,00,000 கனடா டாலர். கம்பெனியிடம் கேட்டால் கனடாவுக்கான இன்சூரன்ஸ் கார்டு தனியாக அனுப்புவார்கள், பணம் கேட்க மாட்டார்கள். மெக்சிகோ அப்படியில்லை. சான் டியேகோவிலிருந்து டிஹுவானாவுக்கு ஒரு மதியம் போய்வந்தாலும், அமெரிக்க லயபிலிட்டியை மெக்சிகோ ஏற்பதில்லை. எல்லைக்கு முன்பே மெக்சிகோ கம்பெனி ஒன்றின் பாலிசியை நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.