செஸ்ஸில் விட்டுக்கொடுப்பதென்றால் முன்கூட்டியே கொடுங்கள்

எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம்மைவிட ரொம்பவே பலம் குறைந்தவர் என்றால் நாம் வழக்கமாகச் செய்வது, பாதி ஆட்டத்தில் பாவம் பார்த்து ராணியைத் தூக்கிக் கொடுப்பது. செய்யாதீர்கள். அவருக்குத் தெரிந்துவிடும், குழந்தையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கொடுப்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் முழு பலத்தோடு ஆடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? ஆடுபவரின் பலத்தை ரேட்டிங் என்ற ஒரு எண்ணாகச் சொல்லும் எலோ கணக்குப்படி 200 ரேட்டிங் வித்தியாசம் இருந்தால் பலமானவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார், 400 என்றால் சுமார் 91. வித்தியாசம் 200-க்குள் என்றால் கடிகாரத்தை மட்டும் மாற்றினால் போதும், அவருக்கு 10 நிமிடம், உங்களுக்கு 5. (புத்தம் புதியவருக்கு நேரம் கொடுத்துப் பிரயோஜனமில்லை, அவர் தோற்பதே யோசிக்காமல் ஆடித்தான்.)

அடுத்தது சிப்பாய். நீங்கள் கறுப்பு, எஃப்7 சிப்பாய் (ராஜாவை ஒட்டிய மந்திரிக்கு முன்னால் நிற்பது) கிடையாது, முதல் நகர்வும் அவருக்கே. ஒரு சிப்பாய்தானே என்று நினைக்க வேண்டாம், அது போனதும் எச்5-க்கு ராணி வந்தால் குறுக்கே நேராக உங்கள் ராஜாவுக்குச் செக். அதற்கும் மேல் வேண்டுமென்றால் நீங்கள் வெள்ளை, பி1 குதிரை (ராணிப் பக்கம் நிற்பது) இல்லாமல். 1850களில் அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி பலரோடு இப்படி ஆடியிருக்கிறார். ஏ1 யானையைக் கொடுத்தால் சிப்பாயை ஏ2-க்குப் பதில் ஏ3-இல் வைப்பது பழைய வழக்கம், இல்லையென்றால் அது காக்க ஆளில்லாமல் நிற்கும். ராணியைக் கொடுப்பதெல்லாம் காய் நகர்த்தவே இப்போதுதான் கற்றவருக்கு.

சரி, குதிரை கூடுதலாக வாங்கியவர் என்ன செய்ய வேண்டும்? வெட்டிக்கொள்ள வேண்டும். ராணிக்கு ராணி, யானைக்கு யானை என்று பலகை காலியாகக் காலியாக அந்த ஒரு குதிரையின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் சிப்பாய்களை மட்டும் அவசரப்பட்டு வெட்டிக்கொள்ளாதீர்கள், வெறும் ராஜாவும் ஒரு குதிரையும் மிஞ்சினால் மேட் வைக்க முடியாது, டிராதான், கடைசியில் ராணியாக்க ஒரு சிப்பாயாவது வேண்டும். கொடுத்தவருக்கு எல்லாம் நேர் எதிர், வெட்டுக்கு வந்தால் விலகி, காய்களைப் பலகையிலேயே வைத்துச் சிக்கலாக்குங்கள்.

அவர் தொடர்ந்து 3 ஆட்டம் ஜெயித்தால் ஒரு படி இறக்குங்கள், குதிரையிலிருந்து சிப்பாய்க்கு. நீங்கள் 3 ஜெயித்தால் ஒரு படி ஏற்றுங்கள், அவர் வேண்டாம் என்று ரோஷப்பட்டாலும்.