மழலையருக்குப் படநூல் வழியே விண்வெளிப் பயணம்

முன்பள்ளி வயதுப் பிள்ளைக்கு நூல் தெரிவுசெய்யும்போது எழுத்தைவிடப் படத்தையே முதலில் பாருங்கள். ரொக்கெட்டின் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதையும், விண்வெளி வீரர்கள் சுவரோடு கட்டிய உறக்கப் பைகளில் தூங்குவதையும் தெளிவாகக் காட்டும் நூலே நல்லது. கொழும்பு பொது நூலகத்திலோ வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளிலோ பொருத்தமான தமிழ் நூல் கிடைக்காவிட்டால், ஆங்கிலப் படநூலை எடுத்துத் தமிழிலேயே கதை சொல்லலாம்.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் செல்லும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே என்பதால், அம்மம்மா வீட்டுக்குப் போன பேருந்துப் பயணத்தை நினைவூட்டி, அந்த வீதியை வானை நோக்கி நிமிர்த்தினால் நிலையத்தை எட்டலாம் என்று கூறுங்கள்.

வீரர்கள் மிதக்கும் பக்கத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அங்கே ஈர்ப்பே இல்லை என்று பெரியவர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஈர்ப்பு இருக்கிறது, நிலையமும் அதிலுள்ளோரும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். பிள்ளையின் கையிலுள்ள பொம்மையைக் கட்டிலின் மேலே விழவிட்டு, விழுதல் என்பதை முதலில் காட்டுங்கள்.

1963 இல் விண்வெளிக்குச் சென்ற முதற் பெண்ணான வலன்ரினா தெரெஸ்கோவாவின் படத்தை ஆண்பிள்ளைகளுக்கும் தவறாமல் காட்டுங்கள்.